எஃப்.டி.பி., ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர்: கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு 'அ' எழுதச் சொல்லித்தர வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக பி.எட். வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்த? முதுகலைப் பட்டமும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் இருந்தால் போதும். பிஎச்.டி. இருந்தால் அந்தத் தேர்வும் தேவையில்லை. நெட் முதல் தாளில் மொத்தம் பத்து அலகுகள். அவற்றில் ஒன்று கற்பித்தல் திறன் பற்றியது. வகுப்பறை பற்றி நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் அந்த ஒரு அலகோடு முடிந்துவிடுகிறது.

நான் வணிகவியல் நடத்தப் போன முதல் நாளில் துறைத் தலைவர் பாடத்திட்ட நகலையும் வருகைப் பதிவேட்டையும் கையில் கொடுத்து, "மூணாவது மாடி, ஃபர்ஸ்ட் பி.காம்., போங்க சார்" என்றார். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய குறிப்பு 20 நிமிடத்தில் தீர்ந்துபோனது. மீதி நேரம் அதையே வேறு வார்த்தைகளில் திரும்பச் சொன்னேன். எதிரே 60-க்கு மேல் பிள்ளைகள். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது சார்" என்றார்கள். நானும் நம்பினேன். முதல் இன்டர்னல் விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

பாடம் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தவும் தெரியும் என்று நம் உயர்கல்வி வைத்திருக்கும் நம்பிக்கைக்கும் வகுப்பறைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பத்தான் பேராசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறைகள் வந்தன. எஃப்.டி.பி., ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர், எஃப்.ஐ.பி. என்று ஸ்டாஃப் ரூமில் காதில் விழும் பெயர்கள் எல்லாம் இந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

முதலில் பெயர்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். எஃப்.டி.பி. என்பது பொதுப்பெயர்: ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி. ஐந்து நாளும் இருக்கலாம், இரண்டு வாரமும் இருக்கலாம். கல்லூரியே தன் ஆசிரியர்களுக்காக நடத்தலாம், வெளி நிறுவனமும் நடத்தலாம். ஓரியண்டேஷன் என்பது பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு. எல்லாத் துறைக்காரர்களும் ஒன்றாக உட்காருவார்கள். தமிழ் ஆசிரியர் பக்கத்தில் வேதியியல் ஆசிரியர் இருப்பார். பேச்சு கற்பித்தலைப் பற்றியது. ரெஃப்ரெஷர் என்பது துறை சார்ந்தது. வணிகவியல் ஆசிரியர்களுக்கு ஜி.எஸ்.டி.யில் வந்த மாற்றம், இயற்பியல் ஆசிரியர்களுக்குப் புதிய ஆய்வுக் களம் என்று, படித்து முடித்த பிறகு பாடத்தில் சேர்ந்தவற்றைப் பிடித்துக்கொள்வதற்கானது. எஃப்.ஐ.பி. என்பது ஓரியண்டேஷனின் இன்றைய வடிவம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இல் 'குரு தக்ஷதா' என்ற பெயரில் இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு மாதம் நடக்கும்.

இவற்றை யார் நடத்துகிறார்கள்? 1986 தேசியக் கல்விக் கொள்கை, கல்லூரி ஆசிரியர்களுக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து 1987 முதல் பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்ற அமைப்புகள் தோன்றின. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் ஆகிய இடங்களுக்குப் போய் வந்த கதையைப் பல மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். 2015-இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாறின. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது மறுபடியும் பெயர் மாறி, மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆயின. அப்போது நாடு முழுவதும் 111 மையங்கள் என்பது கணக்கு. ஆகவே ஒரு மூத்தவர் 'ஏ.எஸ்.சி.' என்றும், இன்னொருவர் 'எச்.ஆர்.டி.சி.' என்றும், சுற்றறிக்கை 'எம்.எம்.டி.டி.சி.' என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம். எல்லாம் ஒரே கட்டடம்தான்.

பொறியியல், பாலிடெக்னிக் பக்கம் வேறு ஏற்பாடு. சென்னை தரமணியில் இருக்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனமான என்.ஐ.டி.டி.டி.ஆர். 1964-இலிருந்து தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமியும் எஃப்.டி.பி.கள் நடத்துகிறது. ஆன்லைனில் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக 2018-இல் அர்பிட் என்ற 40 மணி நேரப் பயிற்சியைத் தொடங்கினார்கள். அதை முடித்துத் தேர்விலும் தேறினால் ஒரு ரெஃப்ரெஷருக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பெரும்பாலானவர்கள் இந்தப் பயிற்சிகளைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படுவது பிரமோஷன் பேச்சில்தான். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, பிஎச்.டி. முடித்த உதவிப் பேராசிரியர் 4 ஆண்டு பணிக்குப் பிறகு 10-ஆம் சம்பள நிலையிலிருந்து 11-ஆம் நிலைக்குப் போகலாம். எம்.ஃபில். என்றால் 5 ஆண்டு, இரண்டும் இல்லாவிட்டால் 6 ஆண்டு. அதற்கு 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்று கட்டாயம். கூடவே ஒரு ரெஃப்ரெஷரோ, ஒரு வாரத்துக்குக் குறையாத பட்டறையோ, ஆன்லைன் படிப்போ ஏதாவது ஒன்று வேண்டும். அடுத்தடுத்த நிலைகளுக்கும் இப்படியே தொடரும். ஆகவே சர்டிபிகேட்டைப் பத்திரமாக வையுங்கள். ரிலீவிங் ஆர்டரையும் அதனோடு சேர்த்து ஃபைலில் போடுங்கள். சர்டிபிகேட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல நிறைய இருப்பது மைக்ரோ டீச்சிங் பற்றி.

ஒரு நல்ல ஓரியண்டேஷனில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. கருத்து மிக எளிது. நீச்சல் கற்றுக்கொள்பவரைக் கடலில் தள்ளாமல் தொட்டியில் இறக்குவதுபோல, வகுப்பைச் சிறிதாக்கிவிடுவது. 60 பேருக்குப் பதில் ஐந்தாறு பேர். ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஆறு நிமிடம். ஒரு முறையில் ஒரே ஒரு திறன்: கேள்வி கேட்பது, அல்லது உதாரணம் சொல்வது, அல்லது கரும்பலகையைப் பயன்படுத்துவது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. வகுத்த இந்திய முறையில் இதற்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. 6 நிமிடம் பாடம். 6 நிமிடம் கருத்து கேட்பது. 12 நிமிடம் பாடத்தைத் திருத்தி அமைப்பது. மறுபடி 6 நிமிடம் அதே பாடம், மறுபடி 6 நிமிடம் கருத்து. மொத்தம் 36 நிமிடம். பி.எட். படித்தவர்களுக்கு இது மனப்பாடமாகத் தெரியும். கல்லூரி ஆசிரியர்கள் பலர் இந்தப் பெயரையே ஓரியண்டேஷனில்தான் முதல் தடவை கேட்கிறார்கள்.

இதன் உயிர் அதே பாடத்தை இரண்டாவது முறை நடத்தும் அந்த 6 நிமிடத்தில் இருக்கிறது. ஒருமுறை நடத்தி, குறை கேட்டு, வீட்டுக்குப் போய்விட்டால் மனம் சுருங்கும், வேறொன்றும் ஆகாது. அரை மணி நேரத்துக்குள் அதே பாடத்தை மறுபடி எடுக்கும்போது, சொன்ன குறை உங்கள் கண் முன்னாலேயே சரியாகிறது. என் முறை வந்தபோது வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் வாய் திறப்பதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆறு நிமிடத்தில் நான்கு முறை. ஓர் அம்மா, தாவரவியல் ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மென்மையாகச் சொன்னார்: "தம்பி, நான் பதிலை யோசிச்சுட்டேன், சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க."

என் வகுப்பில் யாரும் பதில் சொல்வதில்லையே என்று இரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளை நொந்துகொண்டிருந்தேன். காரணம் என் அவசரம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் ஏராளமான வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கச் சொன்னபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாகப் பதில் சொல்ல வந்தவர்கள் கூடினார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. மௌனமான வகுப்பின் முன்னால் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் மனதுக்குள் எண்ணிக்கொள்கிறேன். இன்றைக்கும் எண்ணுகிறேன்.

அடுத்து, பட்டறையில் தவறாமல் வரும் இன்னொரு விஷயம்: கற்றல் விளைவுகள். சி.ஓ. (ஒரு பாடத்தின் விளைவு), பி.ஓ. (முழுப் பட்டப்படிப்பின் விளைவு) என்று கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்வார்கள். பெஞ்சமின் புளூம் பெயரும், 1956-இல் அவரும் குழுவினரும் வகுத்த படிநிலைகளும் ஸ்லைடில் வரும். தரச்சான்று தரும் நாக், என்.பி.ஏ. அமைப்புகளின் ஆய்வுக்குத் தேவைப்படுவதால் பலர் இதை எழுத்து வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் கருத்து நல்ல கருத்து. பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார் என்று முதலில் எழுதுங்கள், பாடத்தை அதிலிருந்து பின்னோக்கி அமையுங்கள். சொல்வது இவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 'மாணவர்கள் தேய்மானம் பற்றி அறிந்துகொள்வர்' என்று என் பழைய குறிப்பில் எழுதியிருந்தேன். தேய்மானம் என்பது ஒரு பொருள் பழசாகப் பழசாக அதன் மதிப்பு குறைவதைக் கணக்கில் எழுதுவது. அறிந்துகொண்டார்களா என்பதை எப்படிப் பார்ப்பது? இப்போது எழுதுவது இப்படி: ஒரு லாரியின் விலை, ஆயுள், இறுதி மதிப்பு கொடுத்தால், நேர்கோட்டு முறையிலும் குறைந்து செல் மதிப்பு முறையிலும் மூன்று ஆண்டுக்குத் தேய்மானம் கணக்கிடுவார், அந்தத் தொழிலுக்கு எது பொருந்தும் என்று காரணம் சொல்வார். இப்படி எழுதிய உடனே வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. விளக்கம் 15 நிமிடம், கணக்கு 20 நிமிடம், வாதம் 10 நிமிடம்.

மூன்றாவது, மாணவர்களைப் பேசவைக்கும் முறைகள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 வாக்கில் தொடங்கிய ஒரு முறையை நான் பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கேள்வி. எல்லோரும் தனியாக யோசித்துப் பதிலைத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு மறுபடி தேர்வு. நான் கேட்கும் கேள்வி இதுதான்: லாரிக்கு இந்த ஆண்டு ஒரு லட்சம் ரூபாய் தேய்மானம் எழுதினோம், கம்பெனியின் ரொக்கம் எவ்வளவு குறையும்? 'ஒரு லட்சம்' என்று சொல்லத்தான் நிறையக் கைகள் உயரும். நான் வாய் திறப்பதில்லை. "பக்கத்துல பேசுங்க" என்கிறேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன், அப்பா லாரி ஓட்டுகிறவராம், "லாரி பழசாகுதுன்னா யாருக்குடா காசு கொடுக்கறோம்?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். தேய்மானம் ரொக்கச் செலவு அல்ல என்பதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்ததில் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தேறாதவர்கள் சுமார் 34 சதவீதம். மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் சுமார் 22. வணிகவியலுக்கு அதே எண் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நூற்றில் பன்னிரண்டு பிள்ளைகள் என்பது எந்தத் துறையிலும் சின்ன விஷயமில்லை. அவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள்.

நம் பட்டறைகளில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலைக் கையில் வைத்து விழிக்கும் பிள்ளைக்கு எப்படி நடத்துவது? தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் தினமும் சந்திக்கும் கேள்வி இது. நான் கலந்துகொண்ட எந்தப் பயிற்சியிலும் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியதில்லை. கலைச்சொல்லைத் தமிழில் விளக்கி, ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி, தேர்வில் எழுத வேண்டிய வாக்கியத்தைச் சேர்ந்து கட்டிப் பார்ப்பது என்று நாங்களாகக் கண்டுபிடித்ததை டீ இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்தப் பேச்சு மேடை ஏற வேண்டும்.

சரி, எல்லாப் பட்டறையும் பயன் தருமா? இல்லை. காலையில் குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் உரை, பிறகு மாலை வரை ஒவ்வொருவராக வந்து ஸ்லைடு வாசிப்பது; விரிவுரை மட்டும் போதாது என்பதையே விரிவுரையாகக் கேட்டுவிட்டு வருவோம். ஆன்லைனில் கேமராவை அணைத்துவிட்டு, மாலையில் கூகுள் ஃபார்ம் நிரப்பி வாங்கிய சர்டிபிகேட்டுகளும் பலரிடம் இருக்கின்றன. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாரம் 16 மணி நேர வகுப்பு, விடைத்தாள் திருத்தம், நாக் வேலை என்று ஓடும் ஒருவர் அப்படித்தான் செய்வார். பயிற்சியை அமைத்தவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980-களில் ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்து சொன்னது இங்கே உதவும். ஒரு முறையைப் பற்றிக் கேட்பது, யாராவது செய்து காட்டுவதைப் பார்ப்பது, தானே செய்து பார்ப்பது, அதற்குக் கருத்து பெறுவது, இவை எல்லாம் வேண்டும். ஆனாலும் வகுப்புக்குத் திரும்பிய பிறகு கூடவே நின்று கைகொடுக்க ஒரு சக ஆசிரியர் இருந்தால்தான் அது பழக்கமாகிறது. நம் பயிற்சிகள் நிறைவு விழாவோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பின் வரும் ஆறு மாதங்கள்தான் முக்கியமானவை, அப்போது கூட யாரும் இருப்பதில்லை.

ஆகவே எதில் சேரலாம் என்று தேர்வு செய்யும்போது கோ-ஆர்டினேட்டருக்கு ஒரு போன் போட்டு, "நாங்க பாடம் நடத்திக் காட்ட நேரம் இருக்கா மேடம்?" என்று கேளுங்கள். எத்தனை பேர் ஒரு பேட்ச் என்றும் கேளுங்கள். 40 பேருக்குள் என்றால் உங்கள் முறை வரும். 500 பேர் ஆன்லைனில் என்றால் வராது. பட்டறை முடிந்து வரும்போது பத்து விஷயங்களைக் கொண்டுவர ஆசையாக இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள், நீங்கள் நடத்தும் ஒரே பாடத்தில், ஒரே செமஸ்டருக்கு. எனக்கு அது மூன்று விநாடி காத்திருப்பது. செமஸ்டரின் பாதியில் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, 'எது உதவுகிறது, எது புரியவில்லை' என்று பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். முதல் தடவை படிக்கும்போது கை நடுங்கும். அடுத்த வகுப்பில், "இதை மாத்திக்கறேன், இதை மாத்த முடியாது, காரணம் இது" என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் லீவு கிடைப்பவர்களுக்கு. கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் 21 நாள் எப்படிப் போவார்கள்? ஓ.டி. (பணியில் இருந்ததாகவே கணக்கிடும் அனுமதி) கிடைக்காது, சிலருக்குச் சம்பளமே போகும். தமிழ்நாட்டுக் கல்லூரி வகுப்புகளில் பெரும் பங்கை நடத்துகிறவர்கள் இவர்கள். பயிற்சியின் வாசல் இவர்களுக்குக் குறுகலாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எங்கள் துறையில் நாங்கள் செய்தது இது. புதன்கிழமை கடைசி பெல் அடித்த பிறகு துறை அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். அவர்களில் மூவர் கௌரவ விரிவுரையாளர்கள். ஒருவர் நடத்த, நால்வர் மாணவர்களாக இருந்தோம். ஒரு போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தோம். கருத்து சொல்வதற்கு ஒரே விதி வைத்துக்கொண்டோம்: 'நல்லா இருந்துச்சு', 'சரியில்ல' என்று சொல்லக் கூடாது, என்ன பார்த்தோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். "பலகையையே பார்த்துக்கிட்டு நின்னீங்க", "என்னை மூணு தடவை பார்த்தீங்க, அந்தப் பக்கம் இருக்கறவங்களைப் பார்க்கவே இல்ல". முதல் வாரம் பேச எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. நான்காவது வாரம் பக்கத்து வரலாற்றுத் துறையிலிருந்து இருவர், "நாங்களும் வரலாமா?" என்று கேட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு ஒருவர்தான். ஆறு, ஆறு, பன்னிரண்டு, ஆறு, ஆறு.